ஐந்து முழத்துக்கு ஒரு தரம்

மகராசி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி. முன்னால் ஆள் உட்கார்ந்து வேலை பார்த்தால் அது பாட்டுக்கு ஓடும். ஆள் எழுந்து போனால் இருபதாவது நிமிஷம் விறைத்துப்போகும். திரையின் மூலையில் கடிகாரம் பத்து நாற்பத்து மூன்று என்று காட்டினால், பொழுது சாய்ந்தாலும் அதிலேயே நிற்கும். மவுஸைப் பிடித்து என்ன ஆட்டினாலும் அம்புக்குறி அசையாது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டால்தான் உண்டு.

இதற்கென்ன, ஆள் இல்லாத நேரத்தில் அணைத்து வைத்தால் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதைவிட சும்மா இருப்பதுதான் பெரிய காரியம். அது சும்மா இருந்தால்தான் கோமதி பிழைப்பாள்.

கோமதி மகராசிக்கு நாத்தனார். முப்பத்தெட்டு வயது. சங்கரன்கோவிலில் சடங்கு வீடு, கல்யாண வீடு, கடை திறப்பு என்று எந்த பேனர் கட்டினாலும் அதில் பாதி அவள் கை வைத்ததாகத்தான் இருக்கும். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பிவிடுவாள். மகராசியின் புருஷன், அதாவது கோமதியின் அண்ணன், போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆயிற்று. அதற்கப்புறம் இரண்டு பெண்களும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். மகராசி பூக்கடைக்குப் பிச்சியும் மல்லியும் கட்டிக்கொடுப்பாள். இரண்டு பேரும் சண்டை போடாத நாள் கிடையாது. சண்டை போட்டுவிட்டுத் தனித்தனியாகச் சாப்பிட்ட நாளும் கிடையாது.

போன வருஷம் கோமதிக்குத் தொண்டையில் ஆரம்பித்தது. முதலில் சோறு விக்கியது. பிறகு தண்ணீர் மூக்கில் ஏறியது. தசை ஒவ்வொன்றாக வேலையை விட்டுவிட்டு நிற்கும் நோய் என்றார்கள். இப்போது கூழ் பதத்தில் இருப்பதை மட்டும், அதுவும் தாடையைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு கரண்டிக்கு ஐந்து நிமிஷம் என்று இறக்குகிறாள். விரல்களிலும் பிடி தளர்ந்துவிட்டது.

ஊருக்கெல்லாம் ஒரே மாத்திரை என்ற காலம் போய், இப்படிப்பட்ட நோய்களுக்கு ஆளுக்கொரு மருந்து என்று ஆகியிருந்த காலம் அது. அவரவர் உடம்புக்கு அவரவர் மருந்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மிஷின் தனியாகப் போட்டால் நூறு வருஷம் ஆகுமாம். அதனால் கணக்கைப் பல்லாயிரம் துண்டாக வெட்டி, வீடுகளில் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிவைப்பார்கள். மூன்று நிமிஷம் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகத் துண்டைக் கையில் எடுக்கும். தொட்டால் ஒதுங்கி வழிவிடும். நோயாளி இருக்கிற வீடு நானூறு மணி நேரம் இப்படி ஊருக்குக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்து, தன் கணக்கும் முடிந்த நோயாளிக்குத்தான் மருந்து. ஆகஸ்ட் பத்து, மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். அடுத்த பட்டியல் பிப்ரவரியில்.

பிப்ரவரி வரைக்கும் காத்திருக்கலாமா என்று மகராசி டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தாள். டாக்டரம்மா கோமதியின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அந்தத் தொடுதலே மகராசிக்குப் போதுமாக இருந்தது.

முந்நூற்று ஐம்பத்திரண்டு மணி நேரம் கொடுத்தாகிவிட்டது. பாக்கி நாற்பத்தெட்டு. அங்கே வந்துதான் கம்ப்யூட்டர் விறைக்க ஆரம்பித்தது. மூன்று வாரமாக எண் நகரவில்லை. பன்னிரண்டு நாள் மிச்சம்.

இந்தக் கணக்கையெல்லாம் கவனிக்கிற ஓய்வுப் பங்கு மையம் திருநெல்வேலியில் இருந்தது; அங்கே செய்யது என்கிற பையன்தான் இவர்கள் போனை எடுப்பான். மேலப்பாளையத்துக்காரன், பொறுமைசாலி. அவன் சொல்லச் சொல்ல கோமதி குழறிக் குழறி வழி சொல்வாள், மகராசி கை வைப்பாள். திரை அணையும் நேரத்தை மாற்றினார்கள். தூங்கும் நேரத்தை எடுத்துவிட்டார்கள். மூடியைக் கழற்றித் தூசியை ஊதி, பஞ்சு மாதிரி வந்ததை வாரிக் கொட்டினார்கள். பிளக்கை வேறு சுவரில் மாட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் செய்யது, யாரும் இல்லாத நேரத்தில் மிஷினைச் சுற்றி என்னென்ன இருக்கும் என்று வெறுமனே கேட்டான். ஒன்றுமில்லை, உறையைப் போட்டு நல்லா மூடித்தான் வைப்பேன் என்றாள் மகராசி. கல்யாணப் பட்டு ரவிக்கைத் துணியில் சரிகைக் கரை வைத்துத் தைத்த உறை. வீட்டில் விலை உயர்ந்த பொருள் அது ஒன்றுதான். திறந்து போட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது. மிஷினுக்குள் சூடு தங்கிவிடுமே அக்கா என்று செய்யது பையச் சொன்னான்.

கோமதிக்குச் சிரிப்பு வந்தால் இருமலும் வரும். இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"மைனி, எனக்கும் ஒரு உறை தச்சு வெச்சிருக்கீங்களா? இப்பமே சொல்லிருங்க."

மகராசி அழுதுகொண்டே உறையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். அன்றைக்கு இருவரும் நம்பினார்கள். இருபதாவது நிமிஷம் கடிகாரம் நின்றது. உறையும் காரணமில்லை. அதோடு இன்னும் இரண்டு நாள் போயிற்று.

ஒன்பது நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை மதியம், செய்யது தானே கூப்பிட்டான். மேலிடத்தில் அனுமதி வாங்கி இவர்கள் மிஷினின் பழைய பதிவுகளையெல்லாம் பார்த்திருக்கிறான்.

"அக்கா, நின்னுபோன எல்லாத் தடவையும் ஒரே துண்டுதான் உங்க வீட்டுக்கு வந்திருக்கு. முடிக்கலைன்னா அதையேதான் திரும்பக் கொடுக்கும். அது பெரிய துண்டு. உங்க மிஷின் பழசு, மெமரி பத்தல. உள்ள வாங்கிக்கிட்டே போயி இருபதாவது நிமிஷம் மூச்சு முட்டி நின்னுருது."

மெமரி வாங்கிப் போடலாமா என்று கோமதி கேட்டாள். அந்த மாடலுக்கு இப்போது எங்கேயும் கிடைக்காதாம். வேறு கம்ப்யூட்டர் வைத்தால் புதிதாகப் பதிய வேண்டும், அதற்கு இரண்டு மாதம்.

"அப்ப என்னதான் செய்ய?" என்றாள் மகராசி.

"மூலையில செவப்பா 'திருப்பி அனுப்பு'ன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க. அதை அழுத்துங்க. வேற துண்டு வரும். சின்னதா வந்தா ரெண்டே நாளுல உங்க மணி நேரம் ரொம்பிரும்."

மூன்று வாரத்துக்கப்புறம் மகராசிக்கு மூச்சு நேராக வந்தது. அம்புக்குறியை அந்தச் சிவப்புக்கு மேல் கொண்டுபோய் வைத்துவிட்டாள். விரலை இறக்கப் போகும்போது, அடுப்பில் வைத்த பாலை ஒரு பார்வை பார்ப்போமே அப்படி, சும்மா கேட்டாள்.

"நாங்க திருப்பினா அந்தத் துண்டு என்னாகும் தம்பி?"

போனில் செய்யது எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"ஏற்கனவே ரெண்டு வீட்ல திருப்பியிருக்காங்க அக்கா. நீங்க மூணாவது. மூணு பேர் திருப்பிட்டா, அந்தக் கணக்கே கோளாறுன்னு மிஷின் எடுத்து ஒதுக்கிரும். அந்த ஆளு அடுத்த பட்டியல்ல மொதல்ல இருந்து வரணும்."

"பிப்ரவரியா?"

"ஆமாக்கா."

"யாரு அது? எங்க கோமுவா?"

"இல்ல. அவங்கவங்க வீட்டுக் கணக்கு அவங்கவங்க மிஷினுக்கு வரவே வராது. யாருன்னு எனக்கும் தெரியாது. நம்பர்தான் தெரியுது."

மகராசி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செய்யது பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான். கட்டிலில் சாய்ந்திருந்த கோமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அழுத்துங்க மைனி."

மகராசி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அழுத்துங்கன்னு சொல்லுதேன்லா. நீங்க அழுத்தலைன்னா நான் எந்திச்சு வந்து மூக்கால அழுத்துவேன்."

"அந்த ஆளுக்கும் வீட்ல யாராச்சும் கரண்டியில ஊட்டிக்கிட்டு இருப்பாங்க கோமு."

"இருக்கட்டும். அவுங்க ஆளை அவுங்க பாக்கட்டும், எங்க மைனி என்னைப் பாக்கட்டும்." அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்று, எச்சிலைத் துடைத்துக்கொண்டு, கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டாள். "உங்க புண்ணியத்துக்கு என் தொண்டையா?"

மகராசி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறாள். இப்படி ஒன்று கேட்டதில்லை. கேட்டதில் தப்பும் இல்லை. தன் உயிரை விட்டுக்கொடுப்பவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுவோம். அடுத்தவள் உயிரை வைத்துக்கொண்டு நல்லவளாக இருக்க ஒருத்திக்கு என்ன உரிமை? அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் கை போகவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் அழுத்துதேன். ஒரு நாள் மட்டும் குடு," என்றாள்.

"ஒரு நாளுல என்ன மழையா பெய்யப் போவுது," என்று கோமதி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அன்று ஊட்டிய கூழில் இரண்டு கரண்டிக்கு மேல் வாங்கவில்லை.

மறுநாள் வெள்ளி. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. கடையிலிருந்து கூடை கூடையாகப் பிச்சி மொட்டு வந்து இறங்கியது. வழக்கமாக முற்றத்தில் உட்கார்ந்து கட்டுகிறவள், அன்றைக்கு அந்தத் திரையை விட்டு நகர முடியாமல், கம்ப்யூட்டர் மேஜையிலேயே பூவைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் செய்யப்போகிற காரியத்தை இப்போதிருந்தே காவல் காப்பவள் மாதிரி. கோமதி அவளோடு பேசவில்லை.

எட்டு மணிக்கு உட்கார்ந்தாள். பதினோரு மணி தாண்டித் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தபோது திரையில் பதினொன்று பத்து என்று இருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் யாரும் வேலை பார்க்கவில்லை. பூதான் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் அது விறைக்கவே இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம். கட்டிய பூவைக் கடையில் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரத்தில் ஓடி வந்தாள். கடிகாரம் பன்னிரண்டு ஐந்தில் நின்றுபோயிருந்தது. மறுபடி உயிர்ப்பித்து, மறுபடி மேஜையில் பூவைக் கொட்டினாள். மறுபடி ஓடியது. ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. பூ இருந்தால் ஓடுகிறது, பூ இல்லாவிட்டால் நிற்கிறது. சங்கரநாராயணா, இது என்ன சோதனை என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. நேற்றைக்கப்புறம் பேசிய முதல் பேச்சு.

"சாமியும் இல்ல, சோதனையும் இல்ல. நீங்கதான் அஞ்சு முழத்துக்கு ஒரு தரம் மவுஸைத் தள்ளுதீங்க."

மகராசி கையைப் பார்த்தாள். அன்றைக்கு மேஜையின் விளிம்பில்தான், இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பூச்சரத்தைப் பிடித்து அவள் அளவு பார்த்தாள். அதன் நடுவே மவுஸ் கிடந்தது. ஐந்து முழம் சேர்ந்ததும் புறங்கையால் அதை ஒதுக்கிவிட்டு அளந்துகொண்டிருந்தாள். தனக்கே தெரியாமல்.

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம்?"

"காலையில இருந்து அதைத்தான் பாத்துக்கிட்டு கெடக்கேன். வேற என்ன சோலி எனக்கு? பதினேழு நிமிஷம். ஒரு தரம் பதினெட்டு, பூ சிக்கிக்கிட்டு."

செய்யதுக்குப் போன் போட்டார்கள். அவன் பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இருங்கள் என்றான், மறுபடி பார்த்தான்.

"நகந்திருக்கு அக்கா. மூணு வாரமா பூஜ்யத்துல கிடந்த துண்டு எட்டு சதவீதம் முடிஞ்சிருக்கு. தொட்டா அதுவரைக்கும் செஞ்சதை எழுதி வெச்சுட்டு மெமரியைக் காலி பண்ணிருது. மூச்சு முட்டுறதுக்கு முன்னாடி நீங்க தொட்டுட்டா, அது விட்ட இடத்துல இருந்து பிடிச்சுக்கிடும். இது எங்க யாருக்குமே தெரியாது."

முழுசும் முடிய ஐம்பது மணி நேர வேலை. முடிந்தால் அந்த ஐம்பதும் இவர்கள் கணக்கில் ஏறும். முடியாவிட்டால் ஒன்றும் ஏறாது. நடுவில் ஒரு தரம் தூங்கிப்போனால், அந்தத் தரம் செய்தது போகும். ஆனால் அதற்கு முன்னால் செய்தது போகாது. எட்டு நாள் இருந்தது. சிவப்பை அழுத்தினால் இரண்டு நாளில் நிச்சயம். அழுத்தாவிட்டால் மூன்று நாள், நிச்சயமில்லை. ஆனால் இப்போது ஒரு வழி என்று இருந்தது.

சாயங்காலம் ஆயிற்று. மகராசி கோமதியின் முகத்தைப் பார்த்தாள். அழுத்தவா என்று கேட்கவில்லை.

"எட்டு சதவீதம் ஆயிட்டுல்லா," என்றாள் கோமதி. "பாதி கட்டின சரத்தை யாராச்சும் அவுப்பாங்களா. மவுஸை இந்தக் கட்டில்கிட்ட இழுத்து வைங்க. நீங்க படுக்கும்போது நான் முழங்கையால இடிச்சுக்கிடுதேன்."

அந்த மூன்று நாளை நீட்டிச் சொல்ல மாட்டேன். ஒருத்தி கண்ணயர்ந்தால் மற்றவள் விழித்திருப்பாள். சனிக்கிழமை மதியம் மின்சாரம் ஒன்பது நிமிஷம் போயிற்று. மகராசி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் இரண்டு பேருமே உறங்கிப்போய், நாற்பது நிமிஷம் வீணாயிற்று. யார் மேல் தப்பு என்று அதற்கும் ஒரு சண்டை போட்டார்கள். கோமதியின் முழங்கையில் தோல் வழன்று சிவந்துவிட்டது. யாரென்றே தெரியாத அந்த ஆளுக்கு அவள் ஒரு பெயரும் வைத்துவிட்டாள். "நம்ம சீமான் எத்தனை சதவீதம் மைனி?" என்று கேட்பாள். "அறுபத்தொண்ணு." "சொகுசா இருக்காரு."

திங்கட்கிழமை நாலு மணிக்குத் துண்டு முடிந்தது. எந்தச் சத்தமும் போடவில்லை. எண் மட்டும் மாறியது: நானூற்று இரண்டு. மகராசி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கோமதிதான் நிதானமாகத் திரையை வாசித்தாள். எண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

உங்கள் பங்கு நிறைந்தது. உங்கள் கணக்கு: ஒரு துண்டு பாக்கி.

இது என்ன என்று செய்யதைக் கேட்டார்கள். யாரோடு பேசுகிறேன், அக்காவா, கோமதி அக்காவா என்றான். இரண்டு பேரும்தான் கேட்கிறோம் என்றாள் மகராசி.

"கோமதி அக்கா கணக்குல எல்லாத் துண்டும் முடிஞ்சிட்டு. ஒண்ணு மட்டும் நிக்கி. ரெண்டு வீட்ல திருப்பிட்டாங்க. மூணாவது வீட்ல இருக்கு. அதுவும் பழைய மிஷின். முப்பத்தோரு தரம் நின்னு நின்னு போயிருக்கு."

மகராசி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவுங்க திருப்பலையா?" என்றாள் மகராசி.

"இதுவரைக்கும் இல்ல. போன வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டாங்க. உங்ககிட்ட பேசி வெச்சதுக்கு அப்புறம், பூ விஷயம் தெரியறதுக்கு முந்தி. உங்களுக்குச் சொன்னதைத்தான் அவங்களுக்கும் சொன்னேன் அக்கா. செவப்பை அழுத்துங்கன்னு." அவன் குரல் இறங்கியது. "அப்ப அது யாரோட துண்டுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அதைத்தான் சொல்லணும். மகன் செவ்வாய்க்கிழமை ஊருக்கு வாரான், கேட்டுட்டுச் சொல்லுதோம்னாங்க."

"நாளைக்குச் செவ்வாய்."

"ஆமா."

நீ கூப்பிட்டுச் சொல்லிவிடேன் என்று மகராசி கெஞ்சினாள். இப்படி ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை. அவன் முடியாதென்றான். ஒரு நோயாளிக்காக இன்னொரு வீட்டை மையம் கூப்பிடக் கூடாது. ஒரு தடவை கூப்பிட்டால் பிறகு கெஞ்சுவது, மிரட்டுவது எல்லாம் வந்துவிடும் என்றுதான் அந்த விதி. அவர்களாகக் கூப்பிட்டால், அவர்கள் மிஷினுக்கு வழி சொல்வதில் தடையில்லை. ஆனால் அழுத்துவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லையே. மகன் வந்து, சரிதான் என்று சொல்லி, விரலை வைத்துவிட்டால் முடிந்தது.

"அப்ப ஒண்ணு செய்யி," என்றாள் மகராசி. "காலையில எங்களுக்கு போன் போட்டு, அதை மேஜையில வெச்சிரு. நாங்க வாயைத் திறக்க மாட்டோம். ஒருவேளை அவுங்க கூப்பிட்டா, கூப்பிட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா போதும் எங்களுக்கு."

காலையில் ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தான்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணியிலிருந்து மகராசியின் போன் கட்டில் மேல் கோமதியின் தலையணையோரம் கிடந்தது. அதில் செய்யது நாற்காலியை இழுக்கும் சத்தம் வந்தது. அவன் யார் யாருக்கோ பதில் சொன்னான். அவன் காதில் கருவி மாட்டிப் பேசுவதால் எதிர்க்குரல் இவர்களுக்குக் கேட்காது. திரை அணைகிறதா என்று ஒருவரைக் கேட்டான். பிளக்கைப் பாருங்கள் என்று ஒருவருக்குச் சொன்னான். டீ வந்தது. பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. கூழ் ஆறிப்போய் ஏடு கட்டியது. ஒவ்வொரு அழைப்புக்கும் கோமதி கண்ணை மூடுவாள், முடிந்ததும் திறப்பாள். இன்னும் நாலு நாள். துண்டுக்கு மூன்று நாள்.

பதினொன்றே கால் மணிக்கு ஒரு அழைப்பு. வணக்கம் சொன்ன செய்யது, வீட்டு எண்ணைக் கேட்டான். பிறகு அவனிடமிருந்து சத்தமே இல்லை. அந்தப் பக்கத்தில் யாரோ நிறையப் பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. உம், உம் என்று அவன் இடையில் இரண்டு தரம் சொன்னான்.

"மகன் அழுத்தச் சொல்லுதாரா," என்றான். "சரிதான். அவர் சொல்லுறதுல தப்பில்ல."

மகராசி சேலை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கோமதியின் விரல்கள் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. பிடியில் பலமில்லை, ஆனாலும் பிடித்தன.

"ஒரு நிமிஷம். இன்னும் அழுத்தலைல்லா? இல்லைல்ல. சரி. அப்ப அவரை மவுஸை வெச்சுட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க." செய்யது தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான் ஒண்ணு கேக்கேன் அம்மா, தப்பா நெனைக்காதீங்க. வீட்ல நீங்க என்ன தொழில் பாக்கீங்க?"

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பளமா," என்றான் செய்யது. "ரொம்ப நல்லது. எத்தனை அப்பளம் தேய்ச்சா பதினேழு நிமிஷம் ஆகும்?"